அத்தை சொன்னதும் நான் எழுதியதும்

மார்ச் 3, செவ்வாய்

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடி, ஒன்றையும் விடாமல், உண்மையாக எழுதப் போகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையும் எழுதுவேன். நான் எதையோ மறைத்துவிட்டேன் என்று பிறகு யாரும் சொல்லக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலை நீங்கள் இரண்டு பைகளோடு வாசலில் நின்றீர்கள். அம்மா, "காலங்காத்தால எங்க கிளம்பிட்டே?" என்று கேட்டார். "சலவைக்கூடத்து விடுதியில இடம் குடுத்துட்டாங்க. இனிமே அங்கதான்" என்றீர்கள். செருப்பு மாட்டும்போது என்னைப் பார்க்காமலே, "யாரும் போன் பண்ண வேண்டாம். எதுவா இருந்தாலும் எழுதி அனுப்புங்க, நானே படிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அப்பா தலை துவட்டிக்கொண்டே வந்து, "என்னவாம் அவளுக்கு?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரியாததால் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததால் சொல்லவில்லை.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை உங்கள் எழுத்தறிவு வகுப்பில் நடந்தது இது. நூலகத்தின் பின்னறை, வழக்கம்போல ஆறரை மணி. பகலெல்லாம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துவிட்டு வந்த டீச்சர், "உள்ள போங்க, உள்ள போங்க, முன்னாடி காலியாத்தான் இருக்கு" என்று எல்லோரையும் முன் வரிசைக்குத் தள்ளினார். நம் வகுப்பின் வழி உங்களுக்குத் தெரியும். பெரியவர் தன் கதையை வாயால் சொல்வார். கூட வந்த வீட்டுப் பிள்ளை அதைச் சொன்னது சொன்னபடி எழுதும். அடுத்த வாரம் அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டுவார்கள். சொன்னவருக்கு அதுதான் பாடம். தன் வாயிலிருந்து வந்த சொல்லைப் படிப்பது சுலபம் என்பார் டீச்சர்.

உங்கள் பக்கத்தை நான்தான் எழுதினேன். அதில் சில சொற்கள் மாறிவிட்டன. நீங்கள் சுவருக்கு அருகில் போய் விரல் வைத்துப் படித்தீர்கள். நான்காவது வரியில் விரல் நின்றது. திரும்ப முதலிலிருந்து படித்தீர்கள். பிறகு எல்லோர் முன்னாலும், "இது என் பக்கம் இல்ல" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தீர்கள். அங்கே பதினோரு பேர் இருந்தார்கள், அத்தை. எல்லோரும் என்னைத் திருடியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். உங்களோடு படிக்கிற டைல்ஸ் மாமாகூடச் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். பதிமூன்று வருடம் என்னை வளர்த்தவருக்கு அது தோன்றியிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்

*

மார்ச் 7

சொற்கள் மாறிவிட்டனன்னு எழுதியிருக்க. அது என்ன, தானா மாறுமா? ராத்திரி எந்திரிச்சு நடந்து போச்சா? நான் துணி பெட்டி போடுறவ. சட்டை கருகினா கருகிடுச்சுன்னு சொன்னா சூப்பர்வைசர் விடமாட்டா. யாரு கருக்கினான்னு கேப்பா.

நான் சொன்னத நானே எழுதுறேன். நேரம் ஆகும், பரவாயில்ல. மூணு நாளா எழுதுறேன்.

டீச்சர் வீட்டுப்பாடம் குடுத்தாங்க. வீட்டுல இருக்கற அஞ்சு தாளப் படிச்சுட்டு வாங்கன்னு. கேஸ் புக்கப் படிச்சேன். மாத்திரை அட்டையப் படிச்சேன். உங்கப்பன் காகிதம் போட்டு வைக்கிற தகரப் பெட்டியத் தொறந்தேன். அடியில என் பேரு போட்ட கடுதாசி ஒண்ணு இருந்துச்சு. என் பேரு எனக்குப் படிக்கத் தெரியும்ல.

அதைத்தான் உன்கிட்ட சொன்னேன். சொன்னது இதுதான்.

"எனக்கு அப்ப இருபத்தி நாலு வயசு. மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்க்கிற பட்டறையில ஆள் எடுத்தாங்க. படிப்பு வேண்டாம், கை நடுங்காம இருந்தா போதும்னாங்க. நான் ஒரு நாள் பூரா தேய்ச்சுக் காட்டினேன். கடுதாசி போடுறோம்னு சொல்லி அனுப்பினாங்க. கடுதாசி வந்துச்சு. எங்கண்ணன் அதைப் படிச்சான். இடம் இல்லன்னு போட்டிருக்குன்னு சொன்னான். அதுல பத்தாம் தேதி வந்து சேரணும்னு போட்டிருந்துச்சு. அவன் குழந்தையப் பாத்துக்க வீட்டுல ஆள் வேணும். அதுக்காகப் பொய் சொன்னான். பதிமூணு வருஷம் நான் நம்பினேன்."

பட்டறைக்கு அப்புறம் நீ எழுதி ஒட்டினது இது. எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு.

"கடிதத்தில் என்ன இருந்தது என்பது எனக்குச் சரியாகப் புரியவில்லை. பிறகு குடும்பப் பொறுப்புகள் வந்துவிட்டன. இப்போது படிக்கக் கற்றுக்கொண்டதில் மிகவும் மகிழ்ச்சி."

மகிழ்ச்சி. நான் வாயத் தொறந்து அந்த வார்த்தைய எப்பவாவது சொல்லி நீ கேட்டிருக்கியா?

உங்கப்பன் படிச்சுக் காட்டினதும் பொய். நீ எழுதிக் காட்டினதும் பொய். அவன் பண்ணப்ப எனக்குப் படிக்கத் தெரியாது. நீ பண்ணப்ப தெரியும். அது தெரிஞ்சும் பண்ணின பாரு, அதான் எனக்கு ஆறல.

அத்தை

*

மார்ச் 10, செவ்வாய்

அத்தைக்கு,

சரி. சொற்கள் மாறவில்லை. நான் மாற்றினேன். போதுமா?

எப்படி மாற்றினேன் என்றும் எழுதுகிறேன். வில்லை தேய்க்கும் பட்டறை வரை நீங்கள் சொன்னது சொன்னபடி எழுதினேன். உங்கள் குரல் காய்கறி விலை சொல்வதுபோல இருந்தது. "எங்கண்ணன் அதைப் படிச்சான்" என்றீர்கள். அப்பாவை நீங்கள் 'அவன்' என்று சொல்லி அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன். அதற்கே என் பேனா நின்றுவிட்டது. அடுத்து "பொய் சொன்னான்" என்றீர்கள். அந்தப் பொய்க்குக் காரணமாக ஒரு குழந்தை வந்தது. அந்தக் குழந்தை நான். நீங்கள் நிறுத்தவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை, சொல்லிக்கொண்டே போனீர்கள். பின்னால் டைல்ஸ் மாமா ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் பள்ளிக்கூடக் கட்டுரை எழுதுவதுபோல எழுதிவிட்டேன். கை தானாகப் போனது என்று சொல்ல மாட்டேன், நீங்கள் விடமாட்டீர்கள். நான் தெரிந்துதான் எழுதினேன். சுவரில் ஒட்டுவார்கள், அம்மாவோடு வேலை பார்க்கிற அக்கா புத்தகம் எடுக்க வருவார், படிப்பார் என்றெல்லாம் யோசித்துத்தான் எழுதினேன்.

இப்போது நான் கேட்கிறேன். நீங்கள் ஏன் என்னிடம் சொன்னீர்கள்? அப்பா கூடத்தில்தான் தினமும் உட்கார்ந்திருக்கிறார். அவர் முகத்துக்கு நேராக ஒரு வார்த்தை கேட்டீர்களா? கடிதத்தைக் கண்டுபிடித்த பிறகு ஒன்பது நாள் அவருக்குத் தட்டு வைத்தீர்கள், அவர் சட்டைக்குப் பெட்டி போட்டீர்கள், என்னிடம் "தலை பின்னலாம் வா" என்றீர்கள். ஒன்பது நாள். பிறகு வகுப்பில், அதுவும் என் கையில் பேனா கொடுத்து, அதைச் சொன்னீர்கள். அவர் மேல் எறிய வேண்டிய கல்லை எறிய நான்தான் கிடைத்தேனா?

நீங்கள் சொன்னதை மாற்றியது என் தவறு. அதைச் சொல்ல என்னைத் தேர்ந்தெடுத்தது உங்கள் தவறு. இதில் எது பெரியது என்று நான் அளக்கப் போவதில்லை.

மருமகள்

பின்குறிப்பு: தகரப் பெட்டியைத் திறந்து அந்தக் கடிதத்தை நானும் படித்தேன். 'பத்தாம் தேதி காலை எட்டு மணிக்கு' என்று இருக்கிறது. 'தங்கும் இடம் உண்டு' என்றும் இருக்கிறது. அதை நீங்கள் சொல்லவில்லை.

*

மார்ச் 14

ஆமா. வேணும்னேதான் உன்கிட்ட சொன்னேன்.

உங்கப்பன் முகத்துக்கு நேரா கேட்டா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். "நீ சரியாப் படிக்கல, இப்பத்தான கத்துக்கற" அப்படிம்பான். உங்கம்மா "விடு, பழசு" அப்படிம்பா. கடுதாசி பெட்டியிலேருந்து காணாமப் போகும். நான் மறுபடி துணி மடிச்சுக்கிட்டு நிப்பேன். வாயால பேசினா அந்த வீட்டுல நான் ஜெயிச்சதே இல்ல. எழுத்துல வந்தா அழிக்க முடியாதுன்னு நினைச்சேன். எழுதறவளே அழிப்பான்னு நினைக்கல.

வகுப்புல வேற பிள்ளைங்க இருந்துச்சு. மாத்தி உக்காருன்னு டீச்சர் சொன்னாங்க. நான்தான் வேண்டாம், எங்க வீட்டுப் புள்ள போதும்னேன். ஏன்னா நீதான் தப்பில்லாம எழுதுவ. அதுவும் போக, உனக்குத் தெரியணும்னு நினைச்சேன். நீ சின்னப் புள்ளன்னு எனக்கு அப்பத் தோணல. கோவத்துல இருந்தேன். இப்பவும் இருக்கேன்.

ஒன்பது நாள் தட்டு வெச்சேன்னு எழுதியிருக்க. எண்ணிப் பாத்தியா? நானும் எண்ணினேன். ஒவ்வொரு தட்டும் வெக்கும்போது இன்னிக்குக் கேக்கணும்னு வெச்சேன்.

தங்கும் இடம் உண்டுன்னு போட்டிருந்தது எனக்குப் புரியல, அந்த வரி சின்ன எழுத்து. நீ எழுதினப்புறம்தான் தெரியும். அதுக்கு இன்னும் ஒரு நாள் தூக்கம் போச்சு. நல்லா இரு.

இப்ப கேளு. இருபத்தேழாம் தேதி வெள்ளிக்கிழமை வகுப்புல குடும்ப நாள். எல்லா வீட்டுலயும் வருவாங்க. பக்கம் வாசிப்பாங்க. உங்கப்பனையும் கூட்டிட்டுப் போ. நான் சொன்னத சொன்னபடி நீ வாசி, அவன் கேக்கணும். நான் வரமாட்டேன். நான் வந்தா அவன் என்னைத் திட்டி அதைச் சண்டையா மாத்திருவான்.

நீ வாசிக்கற வரைக்கும் அந்த ரூமுக்குள்ள கால் வெக்க மாட்டேன். பரீட்சை ஏப்ரல் ரெண்டு. தெரியும். பாஸ் பண்ணினா இங்க பெட்டி போடுற இடத்துலேருந்து பதிவு மேசைக்கு மாத்துறேன்னு சூப்பர்வைசர் சொல்லியிருக்கா. உக்காந்து செய்யற வேலை. வேற எங்கயும் அந்தப் பரீட்சை இல்ல. போனா போகட்டும். பொய்ய சுவத்துல ஒட்டி வெச்சுட்டு அதுக்குக் கீழ உக்காந்து நான் பரீட்சை எழுத மாட்டேன்.

அத்தை

*

மார்ச் 17, செவ்வாய்

அத்தைக்கு,

முடியாது.

நீங்கள் வரமாட்டீர்கள், நான் மட்டும் நிற்க வேண்டும். அவர் என் அப்பா. அவரோடு நான் ஒரே வீட்டில் இருக்க வேண்டும். உங்களுக்கு விடுதி இருக்கிறது, எனக்கு எங்கே இருக்கிறது?

வீட்டில் நடப்பதையும் எழுதுகிறேன். அப்பா தன் நீலச் சட்டைக்குத் தானே பெட்டி போட்டுத் தோளில் கருக்கிவிட்டார். "பெட்டி சரியில்லை" என்றார். நீங்கள் போனதற்கு, வகுப்பில் யாரோ உங்களைக் கெடுத்துவிட்டார்கள் என்கிறார். "நாலு எழுத்து படிச்சதும் கொம்பு முளைச்சிடுச்சு" என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு நான் கணக்குப் போட்டேன். என் பேனா முனை உடைந்துவிட்டது.

அம்மாவிடம் கேட்டேன். பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடிப் பட்டறைக் கடுதாசி பத்தி உனக்குத் தெரியுமாம்மா?"

"எனக்கு அப்பத் தெரியாது."

"அப்பன்னா? அப்புறம் எப்பத் தெரியும்?"

"குழாய் சொட்டுது பாரு. போய் மூடு."

மூடிவிட்டு வந்து மறுபடி கேட்டேன். அம்மா நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "மூணு மாசத்துல வேலைக்குத் திரும்பலன்னா என்னை வேலைய விட்டே நிறுத்தியிருப்பாங்க. நீ ரெண்டு மாசம் லேட்டாவே பொறந்திருக்கலாம்" என்றார். அது பதிலா என்று எனக்குத் தெரியவில்லை. நான் பிறந்ததே எல்லோருக்கும் இடைஞ்சல் என்பதுபோல இருந்தது.

ஆகவே ஒன்று கேட்கிறேன். நேராகப் பதில் எழுதுங்கள். அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டதற்காக இப்போது வருத்தப்படுகிறீர்களா?

*

மார்ச் 21

உன் கேள்விக்கு வருத்தம் இல்லன்னு எழுதினா நீ அழுதுட்டு கடுதாசிய மடிச்சு வெச்சுக்குவ. எனக்கும் சுலபம். நாலு நாளா அதைத்தான் எழுதிப் பாத்தேன். எழுதிட்டுப் படிச்சா மகிழ்ச்சி மாதிரியே இருக்கு. கிழிச்சுட்டேன்.

உனக்கு முதல் பல் வந்தப்ப நான்தான் பாத்தேன். உங்கம்மா வேலையில இருந்தா. அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோஷத்த யாரும் பொய்ன்னு சொல்ல முடியாது. ஆனா அதே நேரத்துல எனக்குன்னு பட்டறையில ஒரு நாற்காலி காலியா இருந்துச்சு. ரெண்டும் உண்மை. வருத்தமான்னு கேட்டா இன்னும் தெரியல. தெரிஞ்சா எழுதுறேன். உன் மேல இல்ல. அதை மட்டும் தெரியும்.

என்னைக் கேக்காம என் வாழ்க்கைய ஒருத்தன் வாசிச்சுட்டான். அவ்வளவுதான் என் கோவம்.

வாசிக்கறதும் வாசிக்காததும் உன் இஷ்டம். இனிமே கேக்க மாட்டேன்.

அத்தை

*

மார்ச் 27, வெள்ளி

அத்தைக்கு,

இதை வகுப்பிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். எல்லோரும் போய்விட்டார்கள். டீச்சர் நாற்காலிகளை அடுக்குகிறார். அப்பா வெளியே படிக்கட்டில் நிற்கிறார்.

செவ்வாய்க்கிழமை டீச்சரிடம் போய்ச் சுவரில் இருந்த பக்கத்தைக் கிழிக்கச் சொன்னேன். "எழுதினவங்களே கிழிக்கட்டும்" என்றார். நானே கிழித்தேன். உங்கள் ஏழாம் தேதிக் கடிதத்தைப் பார்த்து முதலிலிருந்து எழுதினேன். "நீ வாசிக்கலன்னா நான் வாசிக்கட்டுமா?" என்று டீச்சர் கேட்டார். சரி என்று சொல்ல வாய் வரை வந்தது. வேண்டாம் என்றேன்.

அப்பாவைக் கூப்பிட்டபோது என்ன விஷயம் என்று சொல்லவில்லை. நீங்கள் வருவீர்கள் என்று நினைத்துத்தான் வந்தார். ஏமாற்றிக் கூட்டி வந்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். கருகின தோள் தெரியாமல் மேலே ஒரு சால்வை போட்டிருந்தார். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் டைல்ஸ் மாமா வாசித்தார். போர்டு படிக்கத் தெரியாத காலத்தில் டிரைவர் மீசையைப் பார்த்துத்தான் பஸ் ஏறுவாராம். ஒரு நாள் டிரைவர் மீசையை எடுத்துவிட்டார், மாமா கடைசி நிறுத்தம் வரை போய்விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

நான் வாசித்தேன். என் குரல் நன்றாக இல்லை. 'எங்கண்ணன் அதைப் படிச்சான்' என்ற இடத்தில் அப்பா நிமிர்ந்தார். 'பத்தாம் தேதி' என்றபோது எழுந்துவிட்டார்.

"இதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டியா? நாலு பேரு முன்னாடி?"

டீச்சர் நாற்காலியிலிருந்து எழவில்லை. "உக்காருங்க சார். இன்னும் ஸ்டாப் வரல" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அப்பா நின்றுகொண்டே இருந்தார். நான் அவர் நிற்கும்போதே கடைசி வரி வரை வாசித்தேன். 'அவன் குழந்தையப் பாத்துக்க' என்பதையும் வாசித்தேன்.

பிறகு தாளைக் கீழே வைத்தேன். அப்பா போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது. "இங்க யாரு என்ன சொன்னாலும் எழுதுவீங்க, இல்ல? நான் சொல்றேன். எழுது" என்றார். வேறு யாராவது எழுதட்டும் என்றேன். "நீதான் எழுதணும்" என்றார். டீச்சர் தாள் கொடுத்தார்.

அவர் சொன்னதை எழுதியிருக்கிறேன். அந்தத் தாள் இதோடு இருக்கிறது. அதில் எழுதியிருப்பது இவ்வளவுதான்.

"குழந்தைக்கு மூணு மாசம். அவங்கம்மா வேலைக்குப் போகணும். என் ஒருத்தன் சம்பளத்துல முடியாது. வேற யாரு இருக்கா பாத்துக்க? ஒரு வருஷம்தானேன்னு நினைச்சேன். அடுத்த வருஷம் மறுபடி ஆள் எடுப்பாங்க, அப்ப அனுப்பிக்கலாம்னு நினைச்சேன். அடுத்த வருஷம் அவ கேக்கவே இல்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கடுதாசியத் தூக்கிப் போடணும்னு ரெண்டு தடவ எடுத்தேன். போடல. ஏன் போடலன்னு தெரியல. படிச்சுக் காட்டினப்ப அவ என் வாயையே பாத்துக்கிட்டு இருந்தா."

அங்கே நிறுத்தினார். நானும் அங்கே நிறுத்தினேன். மன்னிப்பு என்ற சொல் வரும் என்று பேனாவைத் தூக்காமல் காத்திருந்தேன். வரவில்லை. அதை நான் சேர்க்கவில்லை. சேர்ப்பது எனக்கு மிகவும் சுலபமாக இருந்திருக்கும், அத்தை.

வழக்கப்படி திரும்ப வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அந்த 'கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்'கறத எடுத்துடு" என்றார்.

"ஏம்ப்பா?"

"சொல்லியிருக்க மாட்டேன்."

நான் டீச்சரைப் பார்த்தேன். "சொன்னவரு வரிய அடிக்கலாம். ஆனா அடிச்சது தெரியற மாதிரி அடிக்கணும்" என்றார். பேனாவை அப்பாவிடம் கொடுத்தேன். அவரே ஒரு கோடு போட்டார். கீழே இருக்கும் சொற்கள் நன்றாகத் தெரிகின்றன. நீங்கள் படிக்கலாம்.

கையெழுத்துப் போட்டுவிட்டு, "அவளுக்கு யாராவது படிச்சுக் காட்டுவாங்களா?" என்று கேட்டார். "அவங்களே படிச்சுப்பாங்க" என்றேன். "முழுசாவா?" என்றார். "முழுசா" என்றேன். அதன் பிறகுதான் படிக்கட்டுக்குப் போனார்.

அவர் மேல் எனக்குக் கோபம் போகவில்லை. இன்று வீட்டுக்குப் போகும் வழியில் அவரோடு பேச மாட்டேன் என்று நினைக்கிறேன். உங்கள் மேலும் கொஞ்சம் இருக்கிறது. நீங்கள் வந்து என் பக்கத்தில் நின்றிருக்கலாம். என் மேல் இருப்பதை எழுதினால் தாள் போதாது.

உங்கள் பக்கம் இப்போது சுவரில் இருக்கிறது. நான்கு மூலையிலும் பசை வைத்து நானே ஒட்டினேன். இது நீங்கள் சொன்னதுதானா என்று நீங்கள்தான் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும், நான் சொன்னால் நம்ப வேண்டாம். பரீட்சை வியாழக்கிழமை ஆறரைக்கு. உங்கள் பெயரைப் பட்டியலில் இருந்து டீச்சர் இன்னும் எடுக்கவில்லை.

டீச்சர், "போதும்மா, கடைசி டிரிப்" என்கிறார். பின் வரிசை விளக்கை அணைத்துவிட்டார். இப்போது நடு வரிசை. இன்னும் ஒரு வரி எழுதிக்கொள்கிறேன் என்றேன். சரி என்றார், ஆனால் முன் வரிசை விளக்கையும் அணை—